விலை கொடுத்து வாங்கும் முதுமை

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடிய காரியங்கள் பல. கருமித்தனம், கோழைத்தனம், கப்றின் வேதனை ஆகியவற்றோடு 'அர்தலுல் உமுர்' என்ற ஒன்றையும் சேர்த்துப் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள். வயதின் மிகத் தாழ்ந்த நிலை என்பது அதன் பொருள். ஸஅது பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் இந்தத் துஆவைத் தம் பிள்ளைகளுக்கு, மக்தபில் உஸ்தாது எழுத்துச் சொல்லிக் கொடுப்பதுபோல ஊன்றிக் கற்றுக் கொடுத்ததாக ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம்.

முதுமையே ஒரு குறை என்று இதற்குப் பொருளல்ல. தலை நரைப்பதும் நடை தளர்வதும் அல்லாஹ் வகுத்த நியதி. நரைமுடி மூமினுக்கு ஒளி என்ற கருத்தில் நபிமொழியும் உண்டு. அஞ்ச வேண்டியது வேறு. ஒரு காலத்தில் அறிந்திருந்தவற்றையெல்லாம் அறியாதவராகி, பெற்ற பிள்ளையின் முகமும் தொழுகையின் ரக்அத்தும் நினைவில் நில்லாமல் போகும் நிலை இருக்கிறதே, அதுவே அந்தத் தாழ்ந்த நிலை. திருக்குர்ஆன் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 70-வது வசனம் இதையே குறிப்பிடுகிறது. அதே அத்தியாயத்தில், மூன்று வசனங்களுக்கு முன்னால், பேரீச்சை, திராட்சைக் கனிகளிலிருந்து மனிதர்கள் போதைப் பொருளையும் நல்ல உணவையும் எடுத்துக் கொள்வது பற்றிய பேச்சு வருகிறது. இவ்விரண்டையும் முடிச்சுப் போட்டு நாமாக ஒரு தப்ஸீர் சொல்லத் துணியவில்லை. ஆனால் மதுவுக்கும் அறிவு மங்கிய முதுமைக்கும் உள்ள தொடர்பை இன்றைய மருத்துவ ஆராய்ச்சி விரிவாகவே எழுதி வைத்திருக்கிறது. வாயால் எதிலிருந்து பாதுகாப்புத் தேடுகிறோமோ, அதையே கையால் காசு கொடுத்து வாங்குபவனின் நிலை என்ன என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

நம் வீடுகளுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஹராம் என்று தெரிந்தும் குடிப்பவர்கள் நம் மஹல்லாக்களிலும் இருக்கிறார்கள் என்பதை மறைத்துப் பயனில்லை. மறைப்பதனால் துன்பப்படுபவர்கள் அந்த வீட்டின் பெண்களும் பிள்ளைகளுமே.

உடலுக்குள் நடப்பது என்ன?

பிராந்தி, விஸ்கி, பீர், ஒயின், கள், சாராயம் என்று பெயர்கள் எத்தனை இருந்தாலும், போதை தரும் சரக்கு ஒன்றுதான். அதன் பெயர் ஆல்கஹால். மற்ற உணவைப் போல அது செரிமானத்துக்குக் காத்திருப்பதில்லை. இரைப்பையிலிருந்தும் சிறுகுடலிலிருந்தும் நேராக இரத்தத்தில் கலந்து, சில நிமிடங்களில் மூளையை அடைந்துவிடுகிறது.

அதை அப்புறப்படுத்தும் பாரம் பெரும்பாலும் கல்லீரலின் தலையில் விழுகிறது. கல்லீரல் முதலில் ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. இது ஆல்கஹாலைவிடக் கொடிய நஞ்சு. உயிரணுக்களுக்குள் இருக்கும் மரபு இழைகளைச் சேதப்படுத்தக் கூடியது. பிறகுதான் அது தீங்கற்ற பொருளாக மாற்றப்பட்டு வெளியேறுகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலையே சராசரி மனிதனின் கல்லீரலால் சமாளிக்க முடியும். மிஞ்சியது இரத்தத்தில் சுற்றிக் கொண்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988-ஆம் ஆண்டிலேயே மதுபானங்களை, மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது.

மரபு இழை என்று சொன்னோம். அந்த இழைகளின் இரு நுனியிலும் 'டெலோமியர்' என்ற காப்பு இருக்கிறது. பாயின் ஓரத்தில் கரை கட்டியிருப்பதுபோல என்று வைத்துக் கொள்ளுங்கள். கரை தேய்ந்தால் கோரை பிரியத் தொடங்கும். வயது ஏற ஏற இந்தக் காப்பும் இயல்பாகவே குறுகி வருகிறது. பிரிட்டனில் 2 லட்சத்து 45 ஆயிரம் பேருக்கு மேற்பட்டோரின் விவரங்களை ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். வாரத்துக்கு 29 யூனிட்டுக்கு மேல் குடிப்பவர்களை 6 யூனிட்டுக்குக் கீழே குடிப்பவர்களோடு ஒப்பிட்டபோது, ஒன்று முதல் இரண்டு ஆண்டு வயது கூடினால் எவ்வளவு குறுகுமோ அவ்வளவு கூடுதலாக இந்தக் காப்பு குறுகியிருந்தது.

யூனிட் என்பது என்ன என்பதை நம் ஊர்க் கணக்கில் சொல்லிவிடுவோம். பிரிட்டனில் ஒரு யூனிட் என்றால் 10 மில்லி லிட்டர் தூய ஆல்கஹால். எடையில் 8 கிராம். இந்தியாவில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் போத்தல்களில் ஆல்கஹால் 42.8 சதவிகிதம் என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். 180 மில்லி கொண்ட ஒரு 'குவாட்டரில்' 77 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது. அதாவது ஏறத்தாழ ஏழே முக்கால் யூனிட். வாரத்தில் நான்கு குவாட்டர் குடிப்பவர் 30 யூனிட்டைத் தாண்டிவிடுகிறார். "எப்போதாவதுதான்" என்று சொல்லிக் கொள்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மூளை காட்டிய சாட்சி

மொடாக் குடியர்களின் மூளை கெடும் என்பது பழைய செய்தி. கௌரவமாக வேலைக்குப் போய்க் கொண்டு, அளவோடு குடிப்பவர்களுக்கும் கேடு உண்டா என்பதுதான் கேள்வி. லண்டன் அரசு அலுவலகங்களில் பணியாற்றியவர்களிடையே 1985-ல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு ஒன்று இதற்கு விடை தந்தது. அதில் கலந்து கொண்டவர்களில் 550 ஆண்களும் பெண்களும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் அவர்களின் சராசரி வயது 43. அவர்களில் யாரும் குடிக்கு அடிமையானவர்கள் அல்லர். அவர்கள் வாரந்தோறும் குடித்த அளவு 30 ஆண்டுக் காலம் அவ்வப்போது பதிவு செய்யப்பட்டு வந்தது. முடிவில் அவர்களுடைய மூளை எம்.ஆர்.ஐ. கருவியால் படம் எடுக்கப்பட்டது. அதன் முடிவுகள் 2017-ல் வெளிவந்தன.

மூளையில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி உண்டு. புதிய நினைவுகளைப் பதித்து வைக்கும் இடம் அது. மறதி நோயில் முதலில் தேய்ந்து போகும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. வாரத்துக்கு 30 யூனிட்டுக்கு மேல் குடித்தவர்களிடம் இந்தப் பகுதி சுருங்கியிருக்கும் வாய்ப்பு எல்லோரையும்விட அதிகமாக இருந்தது. அளவோடு குடிப்பதாகக் கருதப்பட்ட, 14 முதல் 21 யூனிட் வரை குடித்தவர்களிடமும், குடிக்காதவர்களைக் காட்டிலும் அந்த வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது. அதைவிடக் குறைவாகக் குடித்தவர்களுக்காவது ஏதேனும் நன்மை தெரிந்ததா என்றால், குடிக்காதவர்களைவிட அவர்கள் மூளை எவ்வகையிலும் மேலாக இல்லை.

2022-ல் பிரிட்டனிலிருந்தே இன்னொரு பெரிய கணக்கு வந்தது. 36 ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் மூளைப் படங்களை ஆராய்ந்ததில், நாளைக்கு ஒரு யூனிட் குடிக்கும் 50 வயதுக்காரரோடு ஒப்பிடும்போது, இரண்டு யூனிட் குடிப்பவரின் மூளை இரண்டு ஆண்டு மூத்ததுபோல் காணப்பட்டது. இரண்டு யூனிட்டிலிருந்து மூன்றாக ஏறினால், மேலும் மூன்றரை ஆண்டு வயதானதற்கு ஒப்பான மாற்றம் தெரிந்தது. ஒவ்வொரு யூனிட்டும் முந்தியதைவிட அதிகமாகக் கேடு செய்கிறது என்பது இதில் கவனிக்கத்தக்கது. இவையெல்லாம் பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரிக் கணக்குகள். ஒவ்வொரு தனி மனிதனுக்கும் அப்படியே பொருந்தும் என்பதல்ல. ஆயினும் எல்லாக் கணக்கும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

"பழகின அளவுதானே!"

இளமையில் தொடங்கியவர் அறுபது வயதில் சொல்லும் வாதம் இது. நாற்பது ஆண்டாக இதே அளவு, இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பார். அளவு அதேதான்; ஆனால் உடல் அதே உடல் அல்ல.

வயது ஏறும்போது உடலில் உள்ள நீரின் அளவு குறைகிறது. சதை கரைந்து கொழுப்புக் கூடுகிறது. ஆல்கஹால் நீரில் கரைந்து பரவும் பொருள். நிறைந்த குடத்தில் கலந்த உப்பும் அரைக் குடத்தில் கலந்த உப்பும் ஒரே கரிப்பாக இருக்குமா? அதே அளவு மது முதியவரின் இரத்தத்தில் அதிகச் செறிவோடு நிற்கிறது. அதை அகற்றும் கல்லீரலும் முன்னைப்போல் விரைந்து வேலை செய்வதில்லை.

இதனுடன் மருந்துகள் சேர்கின்றன. நம்மில் அறுபதைக் கடந்தவர்களில் சர்க்கரைக்கோ, இரத்த அழுத்தத்துக்கோ, தூக்கத்துக்கோ மாத்திரை விழுங்காதவர்கள் குறைவு. தூக்க மாத்திரையோடு மது சேர்ந்தால் மூச்சே தடைப்படலாம். இன்சுலினோடும் சில சர்க்கரை மாத்திரைகளோடும் சேர்ந்தால் இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம். மது இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது; இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கிறது; எலும்பை வலுவிழக்கச் செய்கிறது. நடையின் சமநிலையைக் காக்கும் சிறுமூளையையும் தாக்குகிறது. தள்ளாடும் நடையும் வலுவற்ற எலும்பும் ஒருவரிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பெரியவர் மீண்டும் எழுந்து நடப்பது எளிதன்று. தூக்கம் வருவதற்காகக் குடிக்கிறேன் என்பாரும் உண்டு. மது உறங்க வைப்பதுபோல் உறங்க வைத்துப் பின்னிரவில் உறக்கத்தைக் கலைத்துவிடும். மூளைக்குத் தேவையான ஆழ்ந்த ஓய்வு கிடைப்பதில்லை.

மறதி எல்லாம் வயதின் மறதி அல்ல

நம் வீடுகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. அளவுக்கு மீறிக் குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டதிலிருந்து தயமின் என்ற வைட்டமின் பி1 சத்தை உடல் உறிஞ்சுவதையும் மது தடுக்கிறது. இந்தச் சத்து இல்லாமல் மூளை இயங்காது. அது அடியோடு குறையும்போது திடீரென்று குழப்பமும், கண் பார்வை தடுமாற்றமும், நடைத் தள்ளாட்டமும் தோன்றும். 1881-ல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்தார். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய் தயமினை ஊசி மூலம் செலுத்தினால் காப்பாற்ற வழி உண்டு. போதையில் கிடக்கிறார், காலையில் தெளிந்துவிடும் என்று விட்டுவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

அதற்கு அடுத்த நிலையை செர்கெய் கோர்சகோவ் என்ற ருஷ்ய மருத்துவர் 1887-ல் எழுதி வைத்தார். இந்த நிலையை அடைந்தவருக்குப் பழைய நினைவுகள் சில இருக்கும்; புதிதாக எதுவும் மனத்தில் தங்காது. காலையில் வந்து போன மகளை மாலையில் வரவில்லை என்பார். அந்த இடைவெளியை நிரப்ப, நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்வார். வாப்பா பொய் சொல்கிறார் என்று வீட்டார் சினப்படுவார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மூளை இழந்ததை இட்டுக்கட்டி நிரப்புகிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடிய நிலைக்கு இதைவிட நெருங்கிய உருவம் வேறென்ன இருக்க முடியும்! அதுவும் எண்பது வயதில் அல்ல. ஐம்பதிலும் அதற்கு முன்னும்கூட வருகிறது.

பிரான்ஸ் நாட்டில் 2008 முதல் 2013 வரை மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மறதி நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 65 வயதுக்கு முன்பே நோய் கண்டவர்கள் 57 ஆயிரத்துக்குச் சற்று அதிகம். அந்த இளவயது நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் மதுவின் தொடர்பு காணப்பட்டது. இது 2018-ல் வெளியான செய்தி.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. மறதி கண்ட பெரியவரையெல்லாம் குடித்திருப்பாரோ என்று சந்தேகிப்பது பெரும்பாவம். வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத ஸாலிஹான பெரியோர்களுக்கும் மறதி நோய் வருகிறது. அது அல்லாஹ்வின் சோதனை. நாம் சொல்வது, குடிக்கும் பழக்கம் உள்ளவரிடம் மறதி தோன்றினால் அதை வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடாதீர்கள் என்பதே.

கொஞ்சம் குடித்தால் நல்லதா?

சிறிதளவு திராட்சை மது இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு 1990-களில் உலகெங்கும் பரவியது. கொழுப்பு நிறைந்த உணவு உண்ணும் பிரெஞ்சுக்காரர்களுக்கு இதய நோய் குறைவாக இருப்பதற்கு மதுவே காரணம் என்றார்கள். படித்த முஸ்லிம் இளைஞர்கள் சிலரும் இதை எடுத்துப் பேசினார்கள். பின்னர் ஆராய்ந்தபோது அந்தக் கணக்கில் இருந்த பெரும் ஓட்டை வெளிப்பட்டது. 'குடிக்காதவர்கள்' என்று எண்ணப்பட்டவர்களில், நோய் முற்றியதால் குடியை விட்டவர்களும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். நோயாளிகளை ஒரு தட்டில் வைத்துவிட்டு, மறு தட்டில் இருப்பவன் ஆரோக்கியமாக இருக்கிறான் என்றால் அது நியாயமான தராசா? 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், உடல் நலத்துக்குத் தீங்கற்ற மது அளவு என்று ஒன்று கிடையாது என்று தெளிவாக அறிவித்தது.

மதுவை மருந்துக்காகவே தயாரிப்பதாகச் சொன்ன ஒருவரிடம், அது மருந்தல்ல, நோய் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் பதிலளித்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். மதுவில் மனிதர்களுக்குச் சில பயன்கள் இருந்தாலும் அதன் பாவமே பெரிது என்ற கருத்தை அல்பகரா அத்தியாயத்தின் 219-வது வசனம் தருகிறது. மிகுதியாக அருந்தினால் போதை தருவதில் சிறிதளவும் ஹராம் என்பது நம் மார்க்கச் சட்டம். ஆராய்ச்சி இதை ஒப்புக் கொண்டதால் நாம் ஏற்கவில்லை. நாளை வேறொரு ஆராய்ச்சி மாற்றிச் சொன்னாலும் விடப் போவதில்லை. மூமின் மதுவை விலக்குவது அல்லாஹ்வின் கட்டளை என்பதற்காகவே. அந்தக் கட்டளைக்குள் எத்தனை கருணை பொதிந்திருக்கிறது என்பதை அறியும்போது ஈமான் உறுதிப்படுகிறது. ஷரீஅத் காக்க வந்த ஐந்து செல்வங்களுள் ஒன்றாக அறிவை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்ற மேதைகள் எண்ணியதும் இங்கே நினைக்கத்தக்கது.

திரும்பி வரும் வழி

இதுவரை சொன்னது அச்சமூட்டுவதற்காக மட்டும் அல்ல. குடியை விட்ட சில வாரங்களிலும் மாதங்களிலும், சுருங்கிய மூளை ஓரளவு மீண்டும் நிரம்பத் தொடங்குவதைப் படங்கள் காட்டியிருக்கின்றன. கவனமும் நினைவும் படிப்படியாகத் தேறுகின்றன. கல்லீரலில் படிந்த கொழுப்பும் கரைகிறது. கெட்டதெல்லாம் திரும்பிவிடும் என்று சொல்வதற்கில்லை. முற்றிய ஈரல் சுருக்கமும் முற்றிய மறதியும் முழுமையாக மீள்வதில்லை. ஆனாலும் எந்த வயதில் நிறுத்தினாலும் அன்றிலிருந்து மேலும் கெடுவது குறைகிறது. தவ்பாவின் வாசலை மூச்சு தொண்டைக் குழிக்கு வரும்வரை திறந்து வைத்திருக்கும் ரப்புல் ஆலமீன், உடலிலும் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறான்.

வீட்டில் குடிப்பவர் ஒருவர் இருந்தால் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலாவது, பல ஆண்டு தினமும் அதிகமாகக் குடித்தவர் இனித் தொடமாட்டேன் என்று தவ்பாச் செய்தால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். திடீரென நிறுத்தும்போது கை நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாததைக் கண்டு பிதற்றும் கடும் மயக்கநிலையும் ஏற்படலாம். கவனிக்காவிட்டால் இது உயிரையே கொண்டுபோகும். ஆகவே அறையில் பூட்டி வைப்பதும், ஜின் பிடித்துவிட்டது என்று ஓதிப் பார்த்துக் கொண்டே நாள் கடத்துவதும் கூடாது. இதற்கு மருந்து உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலேயே சிகிச்சை பெறலாம். அந்த மருந்தின் உதவியோடு குடியை அடியோடு விடுவதே வழி. கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக் கொண்டே விடுகிறேன் என்பது நஃப்ஸின் ஏமாற்று.

இரண்டாவது, மருத்துவரிடம் உண்மையை மறைக்காதீர்கள். பாய் வீட்டில் குடியா என்று கேட்பார்களே என்ற வெட்கத்தால் சொல்லாமல் விட்டால், எழுதிக் கொடுக்கும் மாத்திரையே நஞ்சாகலாம்.

மூன்றாவது, சபிக்காதீர்கள். மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை ஸஹாபி ஒருவர் சபித்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்று சாட்சியும் சொன்னார்கள். குற்றத்தை வெறுப்பதும் குற்றவாளியைக் கைவிடாதிருப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

நான்காவது, அறிவு மங்கிய நிலையை அடைந்துவிட்ட தந்தை குடியால்தான் அந்த நிலைக்கு வந்தார் என்றாலும், அவர் தந்தையே. முதுமை அடைந்த பெற்றோரை நோக்கிச் 'சீ' என்றும் சொல்லாதிருக்கும்படி பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23-வது வசனம் கட்டளையிடுகிறது. அவர்கள் எதனால் அந்த நிலையை அடைந்தார்கள் என்று விசாரித்துவிட்டு மரியாதை செய்யும்படி அது சொல்லவில்லை.

அறிவு அல்லாஹ் தந்த அமானிதம். அதை வைத்துத்தான் அவனை அறிகிறோம். அதை வைத்துத்தான் தொழுகிறோம். கேள்வி கணக்கும் அதன் மீதே. அந்த அமானிதத்தை முழுமையாகத் திருப்பி ஒப்படைப்பதா, சிறிது சிறிதாக விற்றுவிட்டு வெறுங்கையோடு நிற்பதா என்பதை இளமையிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஸஅது (ரலி) அவர்கள் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்த துஆவை நாமும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். அதன் பொருளையும் சேர்த்தே கற்பிப்போம்.

வல்ல நாயன் நம்மையும் நம் சந்ததிகளையும் தாழ்ந்த முதுமையிலிருந்து காத்து, இறுதி மூச்சுவரை கலிமாவை அறிந்து சொல்லும் தெளிந்த அறிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.